அன்றைக்கு மழை பெய்யவில்லை

இரண்டே இரண்டு பாட்டுகள் இந்த உலகத்தில் வராமல் இருந்திருந்தால் அக்கா இன்னும் கொஞ்சம் நிதானமான மனுஷியாக இருந்திருப்பாள். அந்த இரண்டையும் மேடை மேடையாகப் பாடித்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது என்பது அதைவிட வயிற்றெரிச்சல்.

யாருக்கு அக்கா என்று கேட்க வேண்டாம். மாமா நடத்துகிற மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவரிலிருந்து வேன் ஓட்டுகிறவர் வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. நடக்கத் தெரிவதற்கு முன்பே பால் டப்பாவைத் தட்டித் தட்டி நசுக்கியவன் என்பதால் அவனுக்கு டப்பா என்ற பெயரே நிலைத்துவிட்டது. குழுவில் அவனுக்கு ரிதம் பேட் வேலை. குச்சியால் ஒரு கட்டத்தைத் தட்டினால் மேளம் கேட்கும், இன்னொன்றைத் தட்டினால் சலங்கை கேட்கும், மற்றொன்றில் இடி இடிக்கும். எந்தக் கட்டத்தில் எந்த ஓசை என்பது அவன் முன்கூட்டியே ஏற்றி வைப்பதுதான்.

அதில் ஒரு கட்டத்தில் போதைப் பவுடரை மூக்கால் இழுக்கிற ஓசை இருந்தது. அது முதல் பாட்டுக்கு. குழுவுக்குள் அதற்கு 'இழு பாட்டு' என்று பெயர். பல்லவி வருவதற்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இழுப்பு. அப்புறம் மேளம் கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். இழுத்தவன் ராஜா, இழுக்காதவன் பூஜ்யம் என்பதுதான் பாட்டின் மொத்தக் கருத்து. பிறந்தநாள் விழாக்களில் பால்பல் விழாத பிள்ளைகள் மூக்கில் விரல் வைத்து இழுத்துக் காட்டும். பெற்றவர்கள் பூரித்துப்போய் செல்போனில் படம் பிடிப்பார்கள்.

இரண்டாவது 'கதவுப் பாட்டு'. பவுடருக்கு அடிமையான மகனைத் தாய் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். கொட்டுகிற மழை. மகன் வாசலில் நின்று சரணத்துக்குச் சரணம் அழுகிறான். பொழுது விடிகிறது, தாய் கதவைத் திறக்கிறாள், மகன் குளித்துத் தலைசீவிய மாதிரி பளிச்சென்று நிற்கிறான். கட்டிப்பிடிக்கிறார்கள், வயலின் அழுகிறது, வியாதி போயே போய்விட்டது. அந்தப் பையனுக்கு ஒரு தடவை கூட வயிறு கலங்கவில்லை. கை நடுங்கவில்லை. அவன் யாருடைய மோதிரத்தையும் எடுத்து விற்கவில்லை. அவ்வளவு மழையில் நின்றும் தும்மக்கூட இல்லை. இந்தப் பாட்டுக்கு விருது மேல் விருது.

இரண்டுக்கும் இசை ஒரே ஆள், பாடியதும் ஒரே ஆள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களை ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அக்காவுக்கு அதை நினைக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் டப்பா அந்தப் பவுடர் தின்று மிச்சம் வைத்த பிள்ளை. நாலு வருஷம் அது அவனை மென்றது. வெளியே வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த பிறகும் ஒவ்வொரு மேடையிலும், ஒவ்வொரு பல்லவிக்கும் முன்னால், அந்தக் கட்டத்தை அவன் கையால்தான் தட்டியாக வேண்டும். வேறு யாராவது தட்டட்டும் என்று அக்கா மாமாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

"நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா?" என்பார் மாமா.

"ஏற்கெனவே வெந்தவனை எதுக்கு மாமா திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறீங்க?" என்பாள் அக்கா. மாமா வயரைச் சுருட்டப் போய்விடுவார். அம்மாவின் கூடப்பிறந்தவர், அப்பா போன பிறகு குடும்பத்தைத் தாங்கியவர். அவரிடம் அதற்குமேல் பேச முடியாது.

அன்று காலை ஒத்திகை அறையில் டப்பா அவளுக்காகக் காத்திருந்தான். அது ஒரு பழைய கார் ஷெட். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். அவன் வயர்களைச் செருகாமல் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் கதவைத் திறந்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, எடுத்துட்டேன்."

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி ஒரு நொடி நிற்கலாமா என்று தோன்றியது.

"எப்போ?"

"அந்தக் காலேஜ் ஃபங்ஷன்ல. பாட்டு முடிஞ்சதும் ஒரு பையன் பின்னால வந்து கை குடுத்தான். 'அண்ணே, அந்த இழுப்புச் சத்தம் சூப்பர்'னான். கையை எடுத்தா உள்ளங்கையில ஒரு சின்னப் பொட்டலம். பரிசாம்." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "தூக்கிப் போட்டுருக்கணும். போடலை. ஒரு தடவைதான். ஆனா இன்னொரு தடவை எடுத்துடுவேன்க்கா, எனக்கே தெரியுது. அதான் சொல்றேன்."

அக்காவுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, அள்ளிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாலு வருஷத்தில் அவன் ஒருநாள் கூடத் தானாக வந்து சொன்னதில்லை. சத்தியம் செய்வான், அந்த வாய் மூடுவதற்குள் பொய் சொல்வான். இன்றைக்குத்தான் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்திருக்கிறான். அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கு அவள் போன் போட்டாள்.

"விழுந்ததைப் பத்திக் கவலைப்படாதீங்க, நிறைய பேர் விழுவாங்க" என்றார் அவர். "தானா வந்து சொன்னான் பாருங்க, அதுதான் பெருசு. சொன்ன சூட்டோட கூட்டிட்டு வந்துடணும். நாளைக்குன்னு தள்ளினா மனசு மாறிடும். ஏழு மணி வரைக்கும் இருக்கேன்."

ஆனால் அன்று சாயங்காலம் நிகழ்ச்சி. அதுவும் எப்பேர்ப்பட்ட நிகழ்ச்சி! போதை ஒழிப்பு விழிப்புணர்வு இசை மாலை. கதவுப் பாட்டின் கடைசிச் சரணத்தில் டப்பாவையும் அவன் அம்மாவையும் மேடையில் கட்டிப்பிடிக்க வைப்பதாக மாமா விழாக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மீண்டு வந்த மகன், மீட்டெடுத்த தாய். பேனரில் படமே போட்டாயிற்று.

ஷெட் வாசலில் மாமாவை மடக்கி அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அதில் பொய்யில்லை, அவனை மடியில் வைத்து வளர்த்தவர். ஆனாலும் அடுத்த நிமிஷமே அவருக்குள் இருந்த குழுத் தலைவர் எழுந்துவிட்டார்.

"யாருக்கும் தெரியாதுல்ல? இன்னிக்கு ஒருநாள் நின்னு சிரிச்சுட்டு வரட்டும். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். முழுசா நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு?"

"சரியாயிட்டான்னு மேடையில ஏத்துவீங்க, அவன் உள்ளுக்குள்ள செத்துட்டு நிக்கணுமா?"

"அஞ்சு நிமிஷப் பாட்டும்மா."

அதுதான் மாமாவின் கணக்கு. அஞ்சு நிமிஷப் பாட்டு. கடைசியில், மேடையில் வாசித்துவிட்டு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம் என்று டப்பாவே சொன்னான். மாமாவைத் தலைகுனிய வைக்க அவனுக்கு மனமில்லை. அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான், அதைத் தானே சொல்ல வேண்டுமாம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

அரங்கத்தின் ஒப்பனை அறையில் அம்மா ஏற்கெனவே தயாராக உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை, தலையில் எண்ணெய் மினுமினுப்பு. எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்த தொகுப்பாளர், மேடையில் என்ன பேசலாம் என்று அவளிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடி முன் நின்று பின்னலைச் சரி செய்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றது, பெத்த மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. "அன்னிக்குப் பாத்து மழை சார், அப்படி ஒரு மழை. கதவைச் சாத்திட்டேன். 'அம்மா, அம்மா'ன்னு வெளிய நின்னு அழறான். நான் உள்ள நின்னு அழறேன். விடிஞ்சதும் திறந்தா, என் பிள்ளை புதுசா நிக்கிறான்."

"அடடா" என்றார் தொகுப்பாளர். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

அக்காவின் கை பின்னலில் நின்றுவிட்டது. அன்றைக்கு மழை பெய்யவில்லை. அது கோடை. குழாயில் தண்ணீர் வராமல் கீழ்வீட்டிலிருந்து அவள்தான் குடம் குடமாக மாடிக்குச் சுமந்தாள், மறுவாரம் வரை தோள் வலித்தது. கதவைச் சாத்தியது மட்டும் நிஜம். ஆனால் டப்பா வாசலில் நின்று அழவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நேராகப் போய் இருக்கிற காசுக்கெல்லாம் பவுடர் வாங்கினான். பஸ் டிப்போவில், பழைய டயர் அடுக்கியிருந்த மூலையில், உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனை, பெருக்க வந்த அம்மாள் ஒருத்தி காலால் தட்டிப் பார்த்து ஆள் கூப்பிட்டாள். பொழுது விடிந்தபோது அவன் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு இருந்தான். அந்தக் கதவு அவனை மீட்கவில்லை, கொல்லப் பார்த்தது.

மீட்டது அதற்கப்புறம். அவனை மீட்டதும் இதே அம்மாதான், அதுதான் கொடுமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் படுக்கையோடு போனதை எல்லாம் முகம் சுளிக்காமல் துடைத்தாள். எலும்பெல்லாம் முறிகிறது என்று அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டபோது நடுவில் தன் கையை வைத்தாள், சுண்டுவிரல் வீங்கிப்போனது. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள், அவன் துப்பினால் மறுபடி ஊட்டினாள். ஒவ்வொரு வாரமும் இரண்டு பஸ் மாறி அவனை மருத்துவமனைக்கு இழுத்துப்போய் வராந்தாவில் சலிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு தடவை அவன் மறுபடி எடுத்தான். இரண்டு தடவையும் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறினாள்.

அதெல்லாம் இப்போது எங்கே போயிற்று? பாட்டு வந்து வருஷம் ஒன்றாகிறது. தினமும் டிவியில், மேடையில், பெற்ற மகளின் வாயாலேயே கேட்டுக் கேட்டு, அம்மாவின் ஞாபகத்தில் அந்த மழை பெய்யத் தொடங்கிவிட்டது. தான் செய்த நல்லதெல்லாம் அவளுக்கே மறந்துவிட்டது, பாட்டில் அது இல்லையே! செய்த ஒரே தப்பு மட்டும் வீரமாக மனதில் நின்றுவிட்டது. பணம் போனது, நிம்மதி போனது, நகை போனது. கடைசியில் ஒரு குடும்பத்தின் ஞாபகத்தையுமா ஒருவன் வயலின் வைத்துத் திருடுவான்? பாடப் போகிற நேரத்தில் பாடகிக்கு வரக்கூடாத கோபம்.

"அம்மா, அன்னிக்கு மழை பெய்யலை" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "உனக்கு என்ன தெரியும்? நீ தூங்கிட்டிருந்தே."

நிகழ்ச்சி தாமதமாகத்தான் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் வந்தார், விளக்குகள் அணைந்தன, போதைக்கு எதிராக எல்லோரும் கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். உயர்த்திய கையை இறக்கியதும் கூட்டம் கேட்ட முதல் பாட்டு எது தெரியுமா? இழு பாட்டு. பின்வரிசையிலிருந்து கத்தல் கிளம்பி முன்வரிசை வரை வந்தது. விருந்தினரே சிரித்துக்கொண்டு, 'பாடட்டுமே' என்று கையசைத்தார். மாமா ஒரு நொடி டப்பாவைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டு விரலால் தாளம் காட்டினார்.

அக்கா பாடினாள். பல்லவிக்கு முன்னால் வாத்தியங்கள் நின்றன. டப்பா குச்சியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவன் அந்தக் கட்டத்தைத் தட்டவில்லை. ஒரு கணம் அரங்கம் முழுக்க அமைதி. அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் ஐந்நூறு பேரும் சேர்ந்து வாயாலும் மூக்காலும் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துவிட்டு, தாங்களே அதை நிரப்பியதற்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். டப்பாவின் நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. ஓடு என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள். காலையிலேயே ஓடியிருக்க வேண்டும்.

ஒரு பேச்சு, இன்னொரு பேச்சு. கதவுப் பாட்டு வந்தபோது ஆறரை ஆகிவிட்டது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஒரு வயலின் இசை வரும். தாயும் மகனும் கட்டிப்பிடித்து முடிக்கும்வரை அதையே திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும், அக்கா எடுத்ததும் சரணத்துக்குள் போக வேண்டும் என்று ஏற்பாடு. மேடையில் அப்படித்தான், பாடகி எடுக்காதவரை வாத்தியம் செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றும்.

தொகுப்பாளர் மழையைப் பற்றிச் சொன்னார், கதவைப் பற்றிச் சொன்னார். அம்மா மேடையேறினாள். டப்பா பேடை விட்டு எழுந்து வந்தான். அம்மா கையை விரித்தாள். அரங்கமே எழுந்து நின்றது. அவன் அவள் தோளில் முகம் புதைத்தான். அக்கா பக்கத்தில், மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவன் சொன்னது அவளுக்குக் கேட்டது.

"அம்மா, மறுபடி எடுத்துட்டேம்மா. இப்போ டாக்டர்கிட்ட போகணும். நீயும் வர்றியா?"

அம்மாவின் முதுகு விறைத்தது. கைகள் மட்டும் அவனை விடவில்லை. கேமராக்கள் மின்னின. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க, அவள் அவன் காதுக்குள் சொன்னாள்:

"வீட்டுப் பக்கம் வராதே."

அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த அடுத்த வரி அதுதான். அந்தப் பாட்டில் இரண்டாவது தடவை விழுகிறவனுக்கு வரியே கிடையாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், முதலில் கதவு.

வயலின் ஒரு சுற்று முடிந்தது. அக்கா எடுக்கவில்லை. மறு சுற்று முடிந்தது. மாமா கீபோர்டுக்குப் பின்னாலிருந்து விழியை உருட்டினார். அக்கா மைக்கை அணைத்துத் தரையில் வைத்தாள். கூட்டம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தச் சரணம் ஐந்நூறு பேருக்கும் மனப்பாடம். தாயின் அன்பைப் பற்றிய வரிகளை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே குரலில் பாடத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் மேடையில் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது.

அக்கா அம்மாவின் கைகளை டப்பாவின் முதுகிலிருந்து பிரித்தெடுத்தாள்.

"கதவைச் சாத்தினதாலதான் இவன் டிப்போவுல நீலமாக் கிடந்தான். நீ தண்ணி ஊட்டினதாலதான் பிழைச்சான். பீ அள்ளினதாலதான் பிழைச்சான். இவன் மண்டைக்கும் சுவருக்கும் நடுவுல கையை வச்சியே, இந்த விரல், இன்னும் கோணலா இருக்கு பாரு. அந்தக் கைதாம்மா காப்பாத்துச்சு. அதை எந்த நாயும் பாட்டா எழுதலை."

அம்மா தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். "நானா?" என்றாள். யாரோ சொன்ன கதையில் வருகிற யாரையோ விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"நீதான். வா எங்ககூட."

அம்மாவின் கால் ஓர் அடி நகர்ந்தது. அதற்குள் விருந்தினர் பூங்கொத்தோடு வந்துவிட்டார். தொகுப்பாளர் அவள் தோளைப் பிடித்துப் படத்துக்காகத் திருப்பி நிறுத்தினார். அம்மா பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கினாள். உள்ளே இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் ஆட்டோ பிடித்தார்கள். ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் அதே பாட்டு ஒலித்தது. அக்கா எட்டி அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டி, "சத்தத்தைக் குறைங்க" என்றாள். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் குறைத்தான்.

மருத்துவமனையில் சீட்டுப் போடும் ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அக்கா இடுக்கில் கையை நுழைத்தாள். உள்ளே ஒரு பெண் செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். திரையையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதானே இது? இப்பதான் போட்டிருக்காங்க, எத்தனை பேர் பாத்துட்டாங்க தெரியுமா? எனக்கே அழுகை வந்துடுச்சு." பிறகு அவள் புருவம் சுருங்கியது. "குணமாயிட்டார்னு போட்டிருக்கே. அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

வேறொரு நாளாக இருந்தால் அக்கா அந்த ஜன்னலையே பெயர்த்திருப்பாள். அன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்த கோபம், இந்தப் பெண்ணிடம் செலவழிக்கிற அளவுக்குச் சின்னதாக இல்லை.

"பாட்டு முடிஞ்சதைத்தான் போட்டிருக்காங்கம்மா. இவனோடது இன்னும் முடியலை. சீட்டுப் போடு."

அந்தப் பெண் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். "கடைசியா எப்போ எடுத்தீங்க?" என்றாள், பழகிய குரலில்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் டப்பா அவளை மெல்ல நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு முன்னால் வந்தான். எப்போது, எவ்வளவு, யார் கொடுத்தது, இதற்கு முன்னால் எத்தனை தடவை விழுந்தான் என்று எல்லாவற்றையும், அவள் கேட்காததையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னான்.